ரிவர்ஸ்டன் ஏறிய பெட்போர்ட்

மாத்தளையிலும் இரத்தோட்டையிலும் லொறி ஓட்டி ஓய்ந்த பெரியவர்களிடம் பழைய பெட்போர்ட்டைப் பற்றிக் கேட்டால், அவர்கள் நிறத்திலோ வேகத்திலோ தொடங்குவதில்லை. சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். பாரத்தோடு மேடேறும்போது கியர்ப்பெட்டியில் எழும் அந்த நீண்ட முனகலை ஒருவர் வாயாலேயே எழுப்பிக் காட்டுவார். "லொறிய காதாலதான் ஓட்டணும் தம்பி. கண்ணு ரோட்டுக்கு, காது எஞ்சினுக்கு" என்பார். பக்கத்தில் இருப்பவர் சும்மா விடமாட்டார். மூக்கை மறந்துவிட்டாயே என்பார். பிரேக் சூடேறுவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு பேச்சு ரிவர்ஸ்டன் மலைப்பாதைக்குப் போய்விடும். மற்றப் பாதைகளின் மேடு பள்ளத்தையெல்லாம் அவர்கள் அளப்பது ரிவர்ஸ்டனை வைத்துத்தான்.

அந்த லொறி பிறந்த கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. லண்டனுக்கு வடக்கே பெட்போர்ட்ஷயரில் லூட்டன் என்றொரு ஊர். அங்கே கார் செய்துவந்த வொக்ஸ்ஹோல் நிறுவனத்தை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1925 இல் வாங்கியது. 1931 இல் பெட்போர்ட் என்ற பெயரில் முதலாவது லொறி அங்கிருந்து வெளிவந்தது. இரண்டு தொன் ஏற்றக்கூடிய வண்டி. 1939 இல் ஓ வரிசை வந்தது. ஆறு சிலிண்டர், மூன்றரை லீற்றர் பெற்றோல் எஞ்சின், நான்கு கியர். பெரியவர்கள் வாயால் எழுப்பிக் காட்டும் முனகல் இந்த வரிசையின் கியர்ப்பெட்டிக்கே உரியது. இரண்டாம் உலகப் போருக்காக மட்டும் பெட்போர்ட் இரண்டரை இலட்சம் லொறிகளைச் செய்து கொடுத்தது. போருக்குப் பிறகு 1950 இல் எஸ் வரிசை, 1953 இல் ஏ வரிசை, 1958 இல் மூக்கு நீண்ட டீஜே, அடுத்த ஆண்டு மூக்கே இல்லாத டீகே. இவற்றையெல்லாம் ஆண்டு வாரியாக, இலக்கம் வாரியாகச் சேகரித்து வைத்திருக்கும் அன்பர்கள் இங்கிலாந்தில் நிறையப் பேர்.

கப்பலில் ஏறி இந்தப் பக்கம் வந்த பிறகு அந்த லொறி என்ன செய்தது என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு. ஒரு லொறி தொழிற்சாலையில் இருந்தது சில நாட்கள். மலையில் ஓடியது முப்பது, நாற்பது வருடங்கள். அந்த நீண்ட பகுதிக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பல பெட்போர்ட்டுகள் முழு வண்டியாக இறங்கவில்லை. சட்டகம், எஞ்சின், முன்பகுதி என்றுதான் வந்தன. பின்னால் இருக்கும் பெட்டி இங்கே மரத்தில் கட்டப்பட்டது. தச்சு பாஸின் கைவேலை அது. பலகை கனமானால் பாரத்தைக் குறைக்க வேண்டும், மெல்லியதானால் தோட்டப் பாதையின் குலுக்கலில் ஒரு வருடத்துக்குள் பிளந்துவிடும். ஆகவே யாருடைய பட்டறையில் பெட்டி கட்டியது என்பதைச் சாரதிகள் எஞ்சின் இலக்கத்தை விட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எல்லாமே புது வண்டிகளாக வரவுமில்லை. போர் முடிந்தபின் படைகள் கைவிட்ட லொறிகளும் விற்பனைக்கு வந்தன. 1944 இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே மௌண்ட்பேட்டனோடு கண்டிக்கு வந்திருந்தது. பச்சைப் பூச்சைச் சுரண்டிவிட்டு வேறு நிறம் அடித்த வண்டிகளில் தொழில் பழகியவர்கள் மூத்த தலைமுறையில் இருந்தார்கள்.

இலக்கத் தகடுக்கும் ஒரு கதை உண்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் புதிய வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துப் போய்ச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி தமிழ் எழுத்தைப் பொறிக்கும் போராட்டத்தை நடத்தியது. தெற்கிலும் மலையகத்திலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. 1958 இன் வன்முறையைப் பற்றி எழுதும்போது இந்த எழுத்தை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அந்தத் தகட்டைத் தாங்கிய லொறியை, தமிழ் பேசுகிற ஒரு சாரதி, அந்த வாரங்களில் எந்த ஊருக்குள் எப்படிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார் என்பது எங்கும் பதிவாகவில்லை.

இனிப் பாதைக்கு வருவோம். மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 364 மீற்றர். ரிவர்ஸ்டன் சிகரம் 1,400 மீற்றருக்கு மேல். இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இரத்தோட்டை வரை பாதை சாதுவானது. அதைத் தாண்டியதும் மிளகுக்கொடி, பிறகு தேயிலை, பிறகு காடு என்று ஏறிக்கொண்டே போகும். மலைமுகட்டை நெருங்க நெருங்கக் காற்று மாறிவிடும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கு முகம் ஈரம். கிழக்கு முகம் உலர் வலயத்தைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள கணவாயைத்தான் பாதை கடக்கிறது. அங்கே அடிக்கும் காற்றில் மரங்கள் குட்டையாகவே நிற்கும். தார்ப்பாய் கட்டிய லொறியை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். மூடுபனி இறங்கினால் முன்சில்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கணவாயைக் கடந்தால் பிட்டவல பத்தனை, இலுக்கும்புர, அதற்கும் கீழே லக்கல பல்லேகம. ஒரே பயணத்தில் குளிரிலிருந்து வெக்கைக்கு இறங்குகிற பாதை இது.

மேட்டைப் பெட்போர்ட் எப்படி ஏறியது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் கியரை இழுத்தால் தானாக விழாது. மேட்டில் எஞ்சின் திணறத் தொடங்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். சாரதி கிளச்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவருவார். கிளச்சை விடுவார். வலது காலால் எக்ஸிலேற்றரை ஒரு மிதி மிதித்து எஞ்சினின் வேகத்தை ஏற்றுவார். மறுபடி கிளச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போடுவார். எஞ்சினின் சுழற்சியும் சில்லின் சுழற்சியும் ஒத்துப்போகும் அந்த நொடியில் கியர்கோல் விரல் நுனிக்கே பணியும். அரை நொடி தவறினால் பல்லோடு பல் உரசும் கர்ரென்ற சத்தம். அதற்குள் லொறி நின்றுவிட்டிருக்கும். நின்ற லொறியை, மூன்று தொன் பாரத்தோடு, கொண்டைஊசி வளைவில் மறுபடி எடுப்பது வேறு சோதனை. எப்போது இறக்க வேண்டும் என்பதைச் சொல்ல மீற்றர் ஒன்றும் இல்லை. காதுதான். முதலில் கேட்ட அந்த வாக்கியம் இதிலிருந்து பிறந்தது.

அந்த நேரத்தில் கிளீனர் பையன் கீழே குதித்திருப்பான். கையில் முக்கோணமாக வெட்டிய கனத்த மரக்கட்டை. லொறி ஊர்ந்து ஏறும்போது பின்சில்லுக்கு ஓரமாகவே ஓடிவருவான். வண்டி நின்றால், பின்னால் உருளத் தொடங்குமுன் கட்டையைச் சில்லுக்கடியில் சொருக வேண்டும். மழையில், சேற்றில், கையைச் சில்லுக்கு அத்தனை அருகே கொண்டுபோகும் வேலை அது. "போட்டேன் அண்ணே!" என்ற குரல் கேட்ட பிறகுதான் சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். ஒரு நல்ல கிளீனர் கிடைத்தால் தம் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாவது சாரதிகள் அவனைத் தக்கவைத்துக்கொண்டார்கள் என்றால் நான் நம்புவேன். பெரும்பாலான சாரதிகள் கிளீனராகத் தொடங்கியவர்கள்தாம். சாரதிப் பயிற்சிக் கூடம் என்று அவர்களுக்கு வேறொன்று இருக்கவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்வதும் அவன் பொறுப்பு. பற்றரி இறங்கிய நாளில் முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்கவேண்டும் என்பது முதலாம் பாடம். எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துவிடும். மேட்டில் ரேடியேற்றர் கொதித்தால் சாக்கை மடித்து மூடியைத் திறக்க வேண்டும். அதுவும் கொஞ்சம் ஆறவிட்டுத்தான். சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் செத்துப்போகும். அப்போது ஓடைநீரில் நனைத்த துணியைப் பெற்றோல் பம்பின் மீது சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். இவை எந்தக் கையேட்டிலிருந்தும் படித்தவை அல்ல. ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துப் பழகியவை.

ஏறும் வழியில் அரிசி, மா, மண்ணெண்ணெய், உரம், கூரைத் தகரம். இறங்கும் வழியில் மிளகு, மரம், தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டி, நக்கிள்ஸ் காட்டு நிழலில் விளைந்த ஏலம். ஏலத்தை மலையிலேயே விறகுச் சூட்டில் உலர்த்திச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள். எடை குறைவு, பெறுமதி அதிகம், வாசனையோ சாரதியின் சட்டையை விட்டு இரண்டு நாளைக்குப் போகாது. 2000 ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமானது. மலைக்காட்டு ஏலச் செய்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது சேர்ந்தது. காட்டுக்கு அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏலச் சுமையை நம்பி ஓடிய லொறிகளின் கதையும் அதோடு முடிந்தது.

மனிதர்களையும் அந்த லொறிகள் ஏற்றின. மாத்தளைக்குத் தோட்டத் தமிழர் வந்த விதமே நடைதான். 19 ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக நடந்து வந்தவர்கள் முதலில் சேர்ந்த மலைநகரம் மாத்தளை. முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தை அவர்களோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். கண்டியிலிருந்து ரயில் மாத்தளைக்கு வந்தது 1880 இல். மாசி மகத் தேருக்குத் தோட்டத்து மக்களை நிறைத்துக்கொண்டு போன லொறி, 1964 இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு வேறொரு பயணத்துக்கும் போனது. அந்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. எழுதப்பட்ட இலக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாத்திர மூட்டை. லயத்து வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை அதை ஏற்றிவிட்டவர் தோட்டத்து லொறிச் சாரதி; தலைமன்னாரும் கப்பலும் அதற்குப் பிறகு. அந்தச் சவாரிகளைப் பற்றிக் கேட்கும்போது பெரியவர்கள் கியரைப் பற்றிப் பேசுவதில்லை. யார் யார் ஏறினார்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிறார்கள்.

எழுபதுகள் லொறிக்கும் கடினமான காலம். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புது வண்டி வருவது அரிதாகிவிட்டது. உதிரிப்பாகமும் அப்படியே. எட்டு வருடம் ஓடவேண்டிய லொறி முப்பது வருடம் ஓடியதற்குக் காரணம் அதுதான். அந்த வருடங்களில் கராஜ் பாஸ்மார் செய்தவற்றை நான் கைத்தொழில் என்று மட்டும் சொல்லமாட்டேன், பொறியியல் என்பேன். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, வேறு வண்டியின் பிஸ்ரனைப் பொருத்தி, உடைந்த பட்டைவில்லைக் கொல்லனிடம் கொடுத்துப் புதிதாக வளைத்து, பெற்றோல் விலை ஏறியதும் எஞ்சினையே கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றி, சட்டகத்தில் புதுத் துளைபோட்டு நிறுத்தினார்கள். லூட்டனில் அந்த லொறியை வரைந்தவர் வந்து பார்த்திருந்தால் மூக்கையும் முகப்பையும் மட்டும் தம்முடையதென்று சொல்லியிருப்பார்.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பனி லொறி அரச லொறியானது. சாரதி அதே சாரதி. 1973, 74 இன் பஞ்சத்தில் அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகவே தடை. வீதிகளில் தடைக்கம்பம் போட்டுச் சோதித்தார்கள். பல்லேகமப் பக்கம் நெல் விளையும், மலைக்கு மேற்கே தோட்டத்தில் பட்டினி. நடுவில் லொறி. அந்தக் காலத்தைப் பேசும்போது குரல் தாழ்கிறது. யார் எதை எந்தச் சாக்குக்கடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதை இன்றும் முழுதாகச் சொல்ல அவர்களுக்கு மனமில்லை. 1977 இலும் 1983 இலும் மாத்தளைத் தமிழர்கள் அடிபட்டுப் பலர் வன்னிக்குப் போனார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மாத்தளையைத் தொட்டுத்தான் போகிறது. வடக்குக்கு ஓடிய சாரதிகளுக்கு அந்த வீதி 1990 இல் அடைபட்டது, 2002 இல் திறந்தது, 2006 இல் மறுபடி மூடியது, 2009 க்குப் பிறகுதான் நிலைத்தது. ஒரு தலைமுறைச் சாரதிகளின் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பூட்டலுக்குள்ளும் திறப்புக்குள்ளும் கழிந்தது.

பெட்போர்ட்டுக்குப் போட்டி ஏற்கெனவே வந்திருந்தது. டாட்டா நிறுவனம் தன் முதலாவது ஏற்றுமதி லொறியை அனுப்பியதே இலங்கைக்குத்தான், 1961 இல். எண்ணூரில் செய்த அசோக் லேலண்டும் வந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் லொறிகள் வரிசையாக இறங்கின. அவற்றில் கியர் தானாக விழுந்தது, ஸ்ரியரிங் இலேசாகத் திரும்பியது, மேட்டில் கொதிக்கவில்லை. நல்ல லொறி என்று பழையவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். பெட்போர்ட்டின் மூக்கிலிருந்து காலடிக்கு வரும் சூடு மட்டும் ரிவர்ஸ்டன் குளிரில் வேறெந்த வண்டியிலும் கிடைக்கவில்லை என்பார்கள்.

லூட்டன் பக்கத்துக் கதை சீக்கிரமே முடிந்தது. 1987 இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் டன்ஸ்டபிள் லொறித் தொழிற்சாலையை விற்றுவிட்டது. வாங்கிய நிறுவனம் 1992 இல் நொடித்தது. பாகிஸ்தானில் மட்டும் பெட்போர்ட் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. அங்கே உடம்பெல்லாம் பூவும் மயிலும் தீட்டி, மணி கட்டி ஓடும் பெட்போர்ட்டுகளை உலகமே படம்பிடிக்கிறது. நம் பக்கத்தில் அப்படி ஒரு அலங்காரம் அதற்கு வாய்க்கவில்லை. முகப்பில் ஒரு சாமிப்படம், ஒரு மல்லிகைச் சரம், பின்பலகையில் முதலாளி பிள்ளையின் பெயர். அவ்வளவுதான்.

ஓடி முடிந்த லொறி ஒரே நாளில் இல்லாமல் போவதில்லை. பெட்டிப் பலகை மாட்டுக்கொட்டிலாகும். சட்டகத்தின் இரும்பை ஓடைக்குக் குறுக்கே போட்டால் தோட்டத்து ஒற்றையடிப் பாலம். எல்லாவற்றிலும் நீண்ட ஆயுள் பட்டைவில்லுக்கு. அந்த உருக்கைக் கொல்லர்கள் தேடி வாங்குவார்கள். உலையில் வைத்துத் தட்டினால் கத்தியாகும், மண்வெட்டியாகும். கூர் போகாத கத்தி வேண்டுமென்றால் லொறி வில்லில் அடித்தது கேட்டு வாங்கு என்பது மலையில் எல்லோரும் அறிந்தது.

சாரதிகளுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. தோட்டத்துக்கு ஓட்டியவர்களுக்கு 1958 சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி இருந்தது. முதலாளிமாரின் லொறியில் ட்ரிப் கணக்குக்கு ஓடிய பலருக்கு அதுவும் இல்லை. முதுகு வலியும், எஞ்சின் பக்கத்துக் காதில் மந்தமும்தான் மிச்சம். இடது காதில் கேட்காத ஒருவரிடம்தான் கியர் சத்தத்தின் நுட்பத்தை நான் கேட்டு எழுதினேன். இப்போது ரிவர்ஸ்டனுக்கு வார இறுதியில் வான்கள் நிரம்பி வருகின்றன. இறக்கத்தில் முழுவதும் பிரேக்கை மிதித்தே வரும் இளைஞர்களின் சில்லிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பெரியவர்கள் கையைக் காட்டி நிறுத்துகிறார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு, தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

கம்பளைக்கு அருகே 2007 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்தையும் கொழுந்துக்கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் காத்துவைத்திருக்கிறது. நூலக நிறுவனம் 2005 இலிருந்து தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கி வருகிறது. லொறிச் சாரதிகளின் ஆவணமும் அங்கே சேரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது: ரனிங் சாட். தோட்டத்து லொறி ஒவ்வொன்றுக்கும் அது நிரப்பப்பட்டது. திகதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மைல் கணக்கு, எத்தனை கலன் பெற்றோல், என்ன பாரம், சாரதியின் கையெழுத்து. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் தம் கையால் எழுதிவைத்தது அநேகமாக அது ஒன்றுதான். மூடுபனியில் நின்ற மூன்று மணித்தியாலமும், மண்சரிவுக்கு இந்தப் பக்கம் கழித்த இரவும் அதில் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட இரண்டு கலன் கூடியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கந்தோர் அலுமாரிகளின் கீழ்த்தட்டில் இந்தச் சாட்டுக் கட்டுகள் எங்காவது மிஞ்சியிருக்கக்கூடும். கறையான் முந்திக்கொள்ளுமுன், மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் இன்னும் இரத்தோட்டைக் கடைவீதியில் காலையில் தேநீர் குடிக்க வருகிறார்கள். தாளை அவர்கள் கையில் கொடுத்து, இந்த இரண்டு கலன் ஏன் கூடியது என்று கேளுங்கள்.